முன்னால் நின்ற ஒரு '4': லினக்ஸை உலுக்கிய 'ப்வன்கிட்' பிழை என்ன செய்தது?

அலுவலக லினக்ஸ் சர்வரில் உங்களுக்கு ஒரு சாதாரண யூசர் கணக்கு. பக்கத்து சீட்காரருக்கும் ஒன்று. உங்கள் ஃபைலை அவர் திறக்கப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று வரும். "அப்போ நம்ம ஃபைல் சேஃப்தான்" என்று இருந்தவர்களுக்கு 2022 ஜனவரி 25-ம் தேதி ஓர் அதிர்ச்சி.

லினக்ஸில் உள்ள 'பிகேஎக்செக்' என்ற சின்ன புரோகிராமில் பெரிய ஓட்டை இருப்பதாக குவாலிஸ் பாதுகாப்பு நிறுவனம் அன்று அறிவித்தது. 'ப்வன்கிட்' எனப்படும் இந்தப் பிழையைப் பயன்படுத்தி, சாதாரண யூசர் யாரும் முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' ஆகிவிட முடிந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் நான்கிலும் இது சாத்தியமாக இருந்தது. இன்னொரு அதிர்ச்சி, பிழை மே 2009 முதலே இருந்தது என்பதுதான்.

பெர்மிஷன் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஓனர், ஒரு குரூப் உண்டு. மீதி எல்லோரும் 'அதர்ஸ்'. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என மதிப்பெண். 755 என்றால் ஓனருக்கு மூன்றும் சேர்த்து 7. குரூப்புக்கும் மற்றவர்களுக்கும் படிக்க, இயக்க மட்டும் அனுமதி, அதாவது 5. இந்தக் கணக்கெல்லாம் சாதாரண யூசர்களுக்குத்தான். ரூட் நினைத்தால் யார் ஃபைலையும் திறக்கலாம்.

அந்த '4' எதற்கு?

பாஸ்வேர்டு விவரங்கள் உள்ள 'ஷேடோ' ஃபைலில் ரூட் மட்டுமே எழுத முடியும். ஆனாலும் நம்ம பாஸ்வேர்டை நாமே மாற்றுகிறோமே, எப்படி? அங்கேதான் வருகிறது 'செட்யூஐடி'. 755-க்கு முன்னால் ஒரு 4 சேர்த்து 4755 ஆக்கினால், யார் இயக்கினாலும் அந்த புரோகிராம் அதன் ஓனருடைய அதிகாரத்தில் ஓடும். பெல் லேப்ஸின் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இந்த யோசனைக்கு 1979-ல் காப்புரிமையே கிடைத்தது.

பிகேஎக்செக்கின் ஓனர் ரூட். அதன் பெர்மிஷனிலும் அந்த 4 உண்டு. அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் மாஸ்டர் சாவி இருப்பது மாதிரி. விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஆனால் இந்த வாட்ச்மேனை ஏமாற்றிவிட முடியும் என்பதுதான் அப்போது தெரியவந்தது.

என்ன செய்ய வேண்டும்?

அப்டேட் அப்போதே வந்துவிட்டது, இன்னும் போடாதவர்கள் உடனே போட்டுவிடுங்கள். முடியாதவர்களுக்கு குவாலிஸ் சொன்ன தற்காலிக வழி, 'சிஹெச்மோட்' கட்டளையால் பிகேஎக்செக்கின் பெர்மிஷனை 0755 ஆக்குவது. அதாவது, மாஸ்டர் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவது!

இணையம் வழியாக நேரடியாக யாரும் இதைப் பயன்படுத்த முடியாது, ஏற்கெனவே சர்வருக்குள் இருக்க வேண்டும். அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. பலவீனமான ஒரு வெப்சைட் வழியாக உள்ளே நுழைந்தவருக்கும் இது போதும்.

நமக்கு என்ன பாடம்?

"ஃபைல் திறக்கலையா? 777 போடு" என்பது பல டீம்களில் பழகிப்போன பதில். அப்படிப் போட்டால், அந்த சர்வரில் உள்ள யாரும் அந்த ஃபைலில் எழுதலாம். ஐந்து பேருக்குத்தான் வேண்டும் என்றால், அவர்களை ஒரு குரூப்பில் சேர்த்து, ஃபைலை அந்த குரூப்புக்கு மாற்றி, 660 கொடுத்தால் போதும். தேவைக்கு மேல் கொடுத்த அதிகாரம் என்றைக்காவது தப்பான கைக்குப் போகும். பிகேஎக்செக் விஷயத்தில் அது வெளியே தெரியவே 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.