பேட்ச் வெளியே ஒட்டுறதுதானே?

"மாத்திரை உள்ளே போகுது. கருத்தடை பேட்ச் வெளியே ஒட்டுறதுதானே டாக்டர், பக்கவிளைவு வராதுல்ல?"

வரும்ங்க. மாத்திரையில் இருக்கிற அதே வகை ஹார்மோன்கள்தான் தோல் வழியா ரத்தத்துல கலக்குது.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வாரத்துக்கு ஒண்ணா மூணு வாரம், நாலாவது வாரம் இடைவெளி. சரியா மாத்தினால் வருஷத்துக்கு 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். மறதியும் சேர்ந்த நடைமுறையில் ஏறக்குறைய 7 பேருக்கு.

அடுத்து, ரத்தக்கட்டி. ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் வருஷத்துக்கு 1-5 பேருக்கு வரும். மாத்திரை எடுப்பவர்களில் 3-9. பேட்ச்ல இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனா கர்ப்பத்தில் 5-20, பிரசவமான புதுசுல 40-65! பேட்ச்சைக் காட்டி பயமுறுத்தி, வேண்டாத கர்ப்பத்துக்குத் தள்ளுறது பாதுகாப்பே இல்லை.

அதுக்காக எல்லாரும் ஒட்டிக்கலாமா? கூடாது. 35 வயசுக்கு மேல் புகைபிடிப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம், ஏற்கெனவே ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள், இப்பத்தான் பிரசவமானவர்கள் தவிர்க்கணும். 90 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் பலனும் குறையலாம்.

என் கருத்து இதுதான்: பிபி பார்க்காம, இதையெல்லாம் கேட்காம யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. ஒத்துவராதுன்னா, ஹார்மோனே இல்லாத காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஒட்டியிருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சுத் திணறினாலோ கூகுள் பண்ணிட்டு இருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்கு வாங்க.