பழுதும் ஒரு பாடமே

இற்றைநாளிலே கணினியில்லாத பாடசாலைகள் அருகி வருகின்றன. ஆயினும், அக்கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை ஆராய்ந்தறியும் ஆர்வம் நம் மாணாக்கரிடையே போதிய அளவு வளர்ந்திலது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11இனை ஏற்கும் தகுதியற்ற பழைய கணினிகளைப் பலர் ஒதுக்கிவிட எண்ணுகின்றனர். அவற்றுட் பலவற்றுக்கு மறுவாழ்வளிக்க வல்லது, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த லினக்ஸ்.

லினக்ஸை நிறுவினால் திரை இருண்டுவிடும், இணையம் கிடையாது என அஞ்சுவாருளர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால், ஒவ்வொரு பழுதுக்கும் காரணமுண்டு. திரை இருளின், வரைகலை அட்டைக்குரிய இயக்கி பொருந்தாதிருக்கலாம். தொடக்கக் கட்டளையிலே ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைத் தற்காலிகமாகச் சேர்த்து உட்புகுந்து, உரிய இயக்கியை நிறுவலாம். வைஃபை தோன்றாவிடின், அதற்கு வேண்டிய ஃபேம்வெயார் இல்லாதிருக்கலாம். கம்பிவழி இணையத்தோடு இணைத்து அதனைப் பெறலாம். விண்டோஸ் உள்ள வட்டுப்பகுதியில் எழுத இயலாவிடின், விண்டோஸிலே ‘விரைவுத் தொடக்கம்’ நிறுத்தப்பட்டுள்ளதா என நோக்குதல் வேண்டும்.

முன்னெச்சரிக்கையும் இன்றியமையாதது. தம் கோப்புகளைப் பிறிதோரிடத்திற் படியெடுத்து வைத்தல், இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுதல், நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தல் ஆகிய மூன்றையும் செய்தார்க்கு இடர்கள் பெரிதுங் குறையும்.

பிழைச்செய்தியைக் கண்டவுடன் யாவற்றையும் அழித்து மீளத் தொடங்குதல் நன்றன்று. அச்செய்தியை எழுத்துப் பிசகாது குறித்துக்கொள்ளல், ஒருமுறைக்கு ஒன்றனை மட்டுமே மாற்றல், விளைவை நோக்கல் என்னும் ஒழுங்கே பயன் தரும். விஞ்ஞானகூடத்திலே நம் ஆசிரியர் கற்பித்த முறையும் இதுவேயன்றோ?

பரீட்சைக்கு இஃது உதவுமோ என வினவுவாருக்கு நாம் கூறும் விடை ஒன்றே. விடையை மனனஞ் செய்தவன் வினா மாறியவழித் திகைப்பான். காரணத்தைத் தேடப் பழகியவன் திகையான். தானே பழுதுகண்டு திருத்திய ஒரு கணினி, பிறர் செம்மைப்படுத்திக் கொடுத்த பத்துக் கணினிகளிலும் பார்க்க அவனுக்கு மிகுதியாய்க் கற்பிக்கும்.

ஆதலின், பழைய மாணவராகிய நாம் புதிய கணினிகளை வழங்குவதோடு அமைதல் போதாது. நம் இல்லங்களிற் பயனின்றிக் கிடக்கும் கணினிகளையும், அவற்றிலுள்ள நம் தரவுகளை அழித்தபின், கல்லூரிக்கு அளிப்போமாக. அவற்றை நிறுவும் பொறுப்பும் திருத்தும் பொறுப்பும் மாணாக்கருடையனவே ஆகுக. அவர்கள் தடுமாறும்போது உடனிருந்து வழிகாட்டுவதே நம் கடன்.