இருமுறை வந்த விருந்தினர்: ஜாக் சிராக்கும் இந்தியாவும்

புது தில்லி:

தில்லி கடமைப் பாதையில் நடைபெறும் குடியரசு தின அணிவகுப்பில் சிறப்பு விருந்தினராக அமரும் வாய்ப்பு ஒரு வெளிநாட்டுத் தலைவருக்கு ஒருமுறை கிடைப்பதே பெருமை. பிரான்ஸின் ஜாக் சிராக் அந்த மேடையில் இருமுறை அமர்ந்தவர். முதல்முறை 1976 ஜனவரியில், பிரதமராக. இரண்டாம் முறை 1998 ஜனவரியில், அதிபராக.

இரண்டு வருகைகளும் நிகழ்ந்த தருணங்கள் கவனிக்கத்தக்கவை. 1976-இல் இந்தியாவில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1998-இல் ஐ.கே. குஜ்ரால் தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு பெரும்பான்மையை இழந்து, மக்களவைத் தேர்தலை எதிர்நோக்கி, காபந்து அரசாக இருந்தது. அத்தகைய அரசுடன் பெரிய ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ள இயலாது என்பது பாரிஸுக்குத் தெரியாததல்ல. இருந்தும் சிராக் வந்தார். தில்லியில் ஆட்சியில் இருப்பது யார் என்பதைவிட, இந்தியா என்ற நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவரது கணக்காக இருந்தது.

அந்த இரண்டாவது வருகை முடிந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அமெரிக்காவும் ஜப்பானும் பொருளாதாரத் தடைகளை விதித்தன. பிரான்ஸ் விதிக்கவில்லை. "சோதனையான காலத்தில் கைவிடாத நண்பன்" என்று தில்லியில் பிரான்ஸ் பற்றி இன்றும் கூறப்படுவதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் நட்பு என்ற ஒரு சொல் மட்டும் இதற்கு விளக்கமாகுமா? 40 ஆண்டுகள் நீடித்த சிராக்கின் அரசியல் வாழ்க்கையைப் பார்த்தால், விடை வேறாக இருக்கிறது.

டி கால் வழியில்

1932-இல் பாரிஸில் பிறந்தவர் சிராக். உயர் அதிகாரிகளை உருவாக்கும் தேசிய நிர்வாகக் கல்லூரியில் பயின்று, அரசுப் பணி வழியாக அரசியலுக்கு வந்தார். பிரதமராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த ஜார்ஜ் பாம்பிடுதான் அவரை வளர்த்துவிட்டவர். எடுத்த காரியத்தை எப்படியும் முடித்துவிடும் வேகத்துக்காக அவரை "என்னுடைய புல்டோசர்" என்று பாம்பிடு அழைப்பது வழக்கம். 1967-இல் கொரேஸ் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிராக், 1974-இல், 41 வயதில், பிரதமரானார். அதிபர் ஜிஸ்கார் தெஸ்தானுடன் ஏற்பட்ட மோதலால் 1976 ஆகஸ்டில் பதவி விலகினார். அதே ஆண்டில் தனிக் கட்சி கண்டார். 1977 முதல் 1995 வரை பாரிஸ் மேயர். இடையில் 1986 முதல் 1988 வரை, சோஷலிஸ்ட் அதிபர் மித்தரானின் கீழ் மீண்டும் பிரதமர். 1981, 1988 அதிபர் தேர்தல்களில் தோற்று, மூன்றாவது முயற்சியில் 1995-இல் வென்று, 2007 வரை இரு முறை அதிபராக இருந்தார்.

கட்சிகளையும் கூட்டணிகளையும் மாற்றிக்கொண்ட சிராக், ஒரு விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. அது தளபதி டி கால் விட்டுச் சென்ற வெளியுறவுக் கொள்கை. 1960-இல் சொந்த அணுகுண்டை வெடித்து, 1966-இல் நேட்டோ அமைப்பின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கியவர் டி கால். மேற்கத்திய அணியில் இருப்போம். ஆனால் வாஷிங்டனின் சொல்லுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்பதே அதன் சாரம். அணிசேராக் கொள்கையைக் கடைப்பிடித்த இந்தியாவுக்கு அந்தக் குரல் பழக்கமான குரலாகவே ஒலித்தது.

பாக்தாதும் சஷ்மாவும்

எனினும், அந்தச் சுயேச்சைக் கொள்கை இந்தியாவுக்காக உருவானதல்ல. வாங்க விரும்புபவர் எவராயினும் அவருக்கு விற்பதற்கான சுதந்திரமும் அதில் அடங்கியிருந்தது.

சிராக் பிரதமராக இருந்தபோது 1974 இறுதியில் பாக்தாத் சென்றார். அடுத்த ஆண்டு சதாம் ஹுசைனைப் பிரான்ஸுக்கு வரவேற்றார். இராக்குக்கு அணு உலை வழங்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஓசிராக் என்று உலகம் அறிந்த அந்த உலையை 1981 ஜூனில் இஸ்ரேல் விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன.

இந்தியாவை இன்னும் நேரடியாகத் தொட்ட விவகாரம் ஒன்றும் உண்டு. 1976 ஜனவரியில் தில்லியில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்தார் சிராக். இரண்டே மாதங்களில், மார்ச்சில், பாகிஸ்தானின் சஷ்மாவில் எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையை அமைத்துத் தர பாகிஸ்தானுடன் பிரான்ஸ் அரசு உடன்பாடு செய்துகொண்டது. அணுகுண்டு தயாரிக்கும் பாதையில் அது முக்கியமான படி. அமெரிக்காவின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 1978-இல்தான் பிரான்ஸ் பின்வாங்கியது. அப்போது சிராக் பிரதமர் பதவியில் இல்லை.

விருந்தினராக வந்தவரின் அரசே அண்டை நாட்டுக்கு அந்தத் தொழில்நுட்பத்தை விற்க முன்வந்தது என்பதைத் தில்லி மறந்துவிடவில்லை. ஆனால் அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. பின்னர் தாராப்பூர் அணு மின் நிலையத்துக்கு யுரேனியம் வழங்குவதை அமெரிக்கா நிறுத்தியபோது, 1982-இல் அந்த இடத்தை நிரப்ப முன்வந்ததும் இதே பிரான்ஸ்தான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1992-இல் சேர்ந்த பிறகு அந்த விநியோகத்தை நிறுத்திக்கொண்டதும் அதே பிரான்ஸ்தான்.

குண்டு வெடித்தவர் கண்டிப்பதெப்படி?

1995 மே மாதம் அதிபரான சிராக், அடுத்த மாதமே பசிபிக் கடலின் மூருரோவா பகுதியில் அணுகுண்டுச் சோதனைகளை மீண்டும் தொடங்கப்போவதாக அறிவித்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் எனப் பல நாடுகளில் கண்டனம் எழுந்தது. பிரெஞ்சுப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கமும் நடந்தது. சிராக் அசைந்து கொடுக்கவில்லை. 1996 ஜனவரி வரை ஆறு சோதனைகள் நடத்தி முடித்த பிறகே நிறுத்தினார். அதன் பின்னர், அதே ஆண்டு செப்டம்பரில் அணுகுண்டுச் சோதனை முழுத்தடை ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கையெழுத்திட்டது. இந்தியா கையெழுத்திட மறுத்தது.

தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்று தாம் முடிவெடுத்ததை உலகம் முழுவதும் எதிர்த்தபோதும் செய்து முடித்த ஒருவர், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே காரணத்தைக் கூறும் இந்தியாவைத் தண்டிக்க முன்வந்தால், அது பொருத்தமாக இருந்திருக்காது. இதை அவர் உணர்ந்திருந்தார் என்றே அவரது நடவடிக்கைகள் காட்டுகின்றன.

1998 ஜனவரிப் பயணத்தின்போதே, உலக அணுசக்தி அமைப்பிலிருந்து இந்தியா ஒதுக்கிவைக்கப்பட்டிருப்பது சரிசெய்யப்பட வேண்டிய முரண்பாடு என்ற கருத்தை அவர் தில்லியில் வெளியிட்டிருந்தார். இந்தியாவுடன் நீண்டகால வியூகக் கூட்டுறவு என்ற உறவும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. இந்தியா எந்த நாட்டுடனும் ஏற்படுத்திக்கொண்ட அத்தகைய முதல் உறவு அதுவே.

பொக்ரான் சோதனைகளைப் பிரான்ஸ் பாராட்டவில்லை என்பதையும் கூற வேண்டும். சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேர வேண்டும் என்பதே அதன் நிலை. ஆனால் தடைகளால் பயனில்லை என்றது. 1998 மே மத்தியில் பர்மிங்காமில் கூடிய ஜி-8 மாநாட்டில், கூட்டாகத் தடை விதிப்பதைப் பிரான்ஸ், ரஷியா, பிரிட்டன் ஆகியவை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் வாஜ்பாய் பாரிஸ் சென்றார். அவரது ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ரா பிரெஞ்சுத் தரப்புடன் தொடர் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார்.

அப்போது பிரான்ஸில் அதிபர் வலதுசாரி. பிரதமர் ஜோஸ்பன் இடதுசாரி. உள்நாட்டு விவகாரங்களில் எதிரும் புதிருமாக இருந்த இருவரும் இந்தியா விஷயத்தில் ஒரே கொள்கையைப் பின்பற்றினர். எனவே இதை ஒரு தனிமனிதரின் அன்பு என்று கூறிவிட முடியாது. அமெரிக்காவின் ஆதிக்கம் மட்டும் உள்ள உலகத்தைவிடப் பல மையங்கள் கொண்ட உலகமே தனக்கு நல்லது என்று பாரிஸ் கருதியது. அப்படிப்பட்ட உலகத்தில் இந்தியாவுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. விமானம், நீர்மூழ்கிக் கப்பல், அணு உலை ஆகியவற்றை விற்கும் நாட்டுக்கு இந்தியாவின் சந்தையும் தேவைப்பட்டது.

ஈராக் போரும் தில்லியின் சொல்லாட்சியும்

சிராக்கின் பெயர் உலகெங்கும் ஒலித்தது 2003-இல். ஈராக் மீது போர் தொடுக்க அனுமதிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்கு வந்தால் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவோம் என்று மார்ச் 10-ஆம் தேதி அறிவித்தார். போரைத் தடுக்க அவரால் முடியவில்லை. ஆனால் அந்தப் போருக்கு ஐ.நா.வின் அங்கீகாரம் கிடைக்காமல் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சதாமுடன் பழைய வணிக உறவு கொண்டிருந்தவர் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்படாததும், தொடர்ந்து அந்நாடு பட்ட துயரமும், அவரது எச்சரிக்கை தவறானதல்ல என்பதை நிரூபித்தன.

தில்லியின் நிலை இதைவிடச் சிக்கலானது. வாஜ்பாய் அரசு அமெரிக்காவுடன் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. போர் தொடங்கிய பிறகு, ஏப்ரலில், மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. கடுமையான கண்டனமா, வருத்தம் கலந்த மறுப்பா என்ற சர்ச்சை எழுந்தது. இரண்டுக்கும் இடம் தரும் "நிந்தா" என்ற ஹிந்திச் சொல் அதைத் தீர்த்துவைத்தது. ஜூலையில், ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா விடுத்த கோரிக்கையை இந்தியா ஏற்க மறுத்தது. பாரிஸ் உரக்கச் சொன்னதைத் தில்லி மெல்லிய குரலில் செய்தது எனலாம்.

அதே ஆண்டு ஜூனில் எவியானில் நடந்த ஜி-8 மாநாட்டுக்கு இந்தியா, சீனா, பிரேசில் உள்ளிட்ட வளரும் நாடுகளின் தலைவர்களை அழைத்தார் சிராக். பணக்கார நாடுகள் மட்டும் கூடி உலகத்துக்கு வழிகாட்டும் காலம் முடிந்துவருகிறது என்பதன் ஓர் அறிகுறியாக அது அமைந்தது.

நெருடல்கள்

இந்த உறவு உரசல் இல்லாததும் அல்ல. அரசுப் பள்ளிகளில் மத அடையாளங்களைத் தடை செய்யும் சட்டம் 2004-இல் சிராக் ஆட்சியில் வந்தது. சீக்கிய மாணவர்களின் தலைப்பாகையும் அதில் சிக்கியது. பஞ்சாபில் அதிருப்தி எழுந்தது; தில்லி பேசிப் பார்த்தது; சட்டம் மாறவில்லை.

2006-இன் தொடக்கத்தில் இரண்டு விவகாரங்கள் ஒன்றாக வந்தன. ஆஸ்பெஸ்டாஸ் நிறைந்த பழைய விமானந்தாங்கிக் கப்பல் கிளெமென்சோ, உடைப்பதற்காக குஜராத்தின் அலாங் நோக்கி வந்துகொண்டிருந்தது. நம் உச்ச நீதிமன்றம் அதை விசாரித்தது. பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றமும் கப்பலை அனுப்பத் தடை விதித்த நிலையில், தமது தில்லிப் பயணத்துக்குச் சில நாள்களே இருந்தபோது, பிப்ரவரி 15-இல், கப்பலைத் திரும்ப அழைக்க சிராக் உத்தரவிட்டார். பணக்கார நாட்டின் நச்சுக் கழிவைக் கையுறைகூட இல்லாத நம் தொழிலாளர் கையாள்வதா என்ற கேள்வி அன்று நியாயமாகவே எழுந்தது. அந்தக் கப்பல் கடைசியில் இங்கிலாந்தில்தான் உடைக்கப்பட்டது.

மற்றொன்று, ஐரோப்பிய எஃகு நிறுவனமான ஆர்செலாரை வாங்க லட்சுமி மிட்டல் முன்வந்தது. பிரெஞ்சு அமைச்சர்கள் எதிர்த்தனர். வர்த்தக அமைச்சர் கமல்நாத் வெளிப்படையாக ஆட்சேபம் தெரிவித்தார். தடையற்ற வர்த்தகம் பற்றிப் பிறருக்குப் போதிப்பவர்கள், வாங்க வருபவர் இந்தியர் என்றால் மட்டும் முகம் சுளிப்பதேன் என்று தில்லியில் கேட்டனர். ஜூன் மாதம் மிட்டலின் முயற்சி வெற்றி பெற்றது.

எனினும், அந்த பிப்ரவரிப் பயணத்தில் அணுசக்தியை ஆக்கப் பணிகளுக்குப் பயன்படுத்துவது குறித்து இரு நாடுகளும் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டன. இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் விமானங்கள் வாங்கும் ஒப்பந்தமும் கையெழுத்தானது. அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் குழு 2008 செப்டம்பரில் இந்தியாவுக்கு விலக்கு அளித்ததும், அமெரிக்காவுக்கும் முன்பாக, அந்த மாதம் 30-ஆம் தேதியே இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்த நாடு பிரான்ஸ். அப்போது சிராக் பதவியில் இல்லை. சர்கோசி அதிபராக இருந்தார். கொள்கை மட்டும் தொடர்ந்தது.

கணக்குப் பார்க்கும் நேரம்

சிராக் போட்ட அடித்தளத்தில் இந்தியா பெற்றது என்ன? 2005 அக்டோபரில், மும்பை மசகான் தளத்தில் ஆறு ஸ்கார்ப்பீன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்ட ஒப்பந்தம் ஆனது. முதல் கப்பலான கல்வரி கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். ஆறாவது கப்பலான வாக்ஷீர் 2025 ஜனவரியில். மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூரில் தலா 1,650 மெகாவாட் திறனுள்ள ஆறு அணு உலைகளுக்கு 2010-இல் உடன்பாடு ஏற்பட்டது. விலை, விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு, உள்ளூர் மக்களின் எதிர்ப்பு ஆகியவற்றில் சிக்கி, 2024 முடிய அங்கே ஓர் உலையின் கட்டுமானமும் தொடங்கவில்லை. மாறாக, ஆயுத வணிகம் தடையின்றி நடந்தது. 2016-இல் 36 ரஃபேல் விமானங்கள். 2025 ஏப்ரலில் கடற்படைக்கு மேலும் 26.

வாங்குவது எளிதாகவும், கற்றுக்கொண்டு நாமே செய்வது கடினமாகவும் இருப்பதைத்தான் இந்தப் பட்டியல் காட்டுகிறது. இதற்குப் பாரிஸை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விற்பவர் தம் நலனைப் பார்க்கிறார். தொழில்நுட்பத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பு வாங்குபவருடையது.

சிராக்கின் இறுதிக்காலம் பெருமைக்குரியதாக இல்லை. பாரிஸ் மேயராக இருந்தபோது, செய்யாத வேலைக்குக் கட்சிக்காரர்களுக்கு மாநகராட்சிப் பணத்தில் சம்பளம் வழங்கிய வழக்கில், 2011 டிசம்பரில் இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். 2019 செப்டம்பர் 26-இல், 86 வயதில் காலமானார். அதற்குள், பாகிஸ்தானுக்குப் புளுட்டோனிய ஆலை விற்க முன்வந்த அரசின் பிரதமர் என்பதைவிட, பொக்ரானுக்குப் பிறகு இந்தியாவைத் தண்டிக்க மறுத்த அதிபர் என்ற நினைவே தில்லியில் நிலைபெற்றுவிட்டது.

இரண்டும் ஒரே மனிதர்தான். இரண்டுக்கும் அடிப்படையான கொள்கையும் ஒன்றுதான். 1976-இல் அது நமக்கு எதிராக வேலை செய்தது, 1998-இல் ஆதரவாக. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மாறியது பிரான்ஸ் அல்ல, இந்தியாவின் எடை.

2024 ஜனவரியில் அதிபர் மக்ரோன் வந்தபோது, குடியரசு தின விழாவில் பிரான்ஸ் தலைவர் ஒருவர் விருந்தினராக அமர்ந்தது ஆறாவது முறை. ஆரத்தழுவுதலைப் படம் பிடிக்கும் காமிராக்களுக்கு அப்பால், அந்த மேடை தில்லிக்குச் சொல்லும் பாடம் சிராக் காலத்ததே. நண்பர்கள் தானாகக் கிடைப்பதில்லை. நம் பலம் வளரும்போது கிடைக்கிறார்கள். அது தளர்ந்தால் வேறு வாசலைத் தேடிச் செல்கிறார்கள்.