பள்ளியை விடவேண்டாம், பிற்பகலை மீட்போம்

சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமான் தாய்மார்களுக்கு ஒரு புலனக் குழு உண்டு. பள்ளி ஆண்டு முடியும் நேரத்தில் அதில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன? கேட்பவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் இருப்பார்கள். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயது. பகடிவதை, புகுமுக வகுப்பு, கைப்பேசி, கெட்ட சகவாசம் என்று பயம் பல விதம். என் மகளுக்கும் பதினொரு வயது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் நான் சொல்வது இதுதான்: நிறுத்துவதென்றால் முதலில் டியூஷனை நிறுத்துங்கள், பள்ளியை அல்ல.

சட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. கட்டாயக் கல்வியை இடைநிலைப்பள்ளிவரை நீட்டிக்கும் திருத்தத்தையும் மக்களவை 2025இல் நிறைவேற்றியது. வீட்டுக்கல்வி என்பது நாளைக் காலையில் எழுந்து எடுத்துவிடும் முடிவு இல்லை.

அடுத்த கேள்வி, வீட்டில் யார் இருப்பது? நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறிப் போகிறவள். கணவருக்குப் பிறையில் லாரி வேலை. பினாங்குப் பக்கம் ஞாயிறு ஓய்வு. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாளையே தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் வகுப்பறை நடத்துவது எப்படி? அதனால்தான் சிலர் கடைவீட்டு மாடியில் இயங்கும் “வீட்டுக்கல்வி மையங்களை” நாடுகிறார்கள். மாதக் கட்டணம் கட்டிப் பிள்ளையைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவருவதில் வீடு எங்கே இருக்கிறது? அது இன்னொரு பள்ளி, அவ்வளவுதான்.

நம் பள்ளிகளையும் பார்க்கவேண்டும். ஹார்வர்ட், விக்டோரியா, ஹென்றியட்டா என்று தோட்டப் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் கெடாவில் பல. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. லயத்துச் சனம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. 150 மாணவருக்குக் கீழே போனால் அது குறைந்த மாணவர் பள்ளி. முப்பதையும் தொடாத பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் சேர்த்துப் பாடம் நடத்துகிறார்கள். அங்கே ஒரு பிள்ளை நின்றாலும் கணக்கு மாறும். இடைநிலைப்பள்ளியிலும் அதே கதை. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்கிறது சட்டம். வீட்டில் இருக்கும் பிள்ளை அந்தப் பதினைந்தில் வரமாட்டாள்.

இதற்காக எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளியில் கிடக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நீண்டகால நோயுள்ள பிள்ளை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளை, அடி உதைக்குப் பயந்து இரவெல்லாம் தூங்காத பிள்ளை இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடுதான் சரி என்றால், விலக்குக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று மாநிலக் கல்வி இலாகா தமிழிலும் தெளிவாகச் சொல்லட்டும். வழி தெரியாததால்தான் பலர் ஓசைப்படாமல் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள்.

மற்றவர்களுக்கு இருப்பது பிற்பகல். யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு 2021இல் எடுத்துவிட்டது. அதற்காக வந்த டியூஷன் மட்டும் போகவில்லை. பள்ளி வேனிலிருந்து இறங்கிய பிள்ளை சீருடையைக்கூடக் கழற்றாமல் அடுத்த வகுப்புக்கு ஓடுகிறது. நாங்கள் மகளின் டியூஷனை நிறுத்தினோம். “பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திக்கொள்வாளே” என்று என் மாமியாரே கேட்டார். முந்தட்டும் அத்தை என்றேன்.

இப்போது பிற்பகலில் அவளுக்கு ஆசிரியர் என் அப்பா. பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். விழுக்காட்டுக் கணக்கு புரியாமல் அவள் விழித்தபோது, வெட்டிய பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர் என்று தொடங்கினார். மழைத்தண்ணீர் கலந்தால் அந்தப் பங்கு எப்படி இறங்கும், வாளி நிறைய இருந்தும் சம்பளம் ஏன் குறையும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னார். தாத்தாவின் வாழ்க்கையும் கணக்கும் ஒரே பாடமாகப் போயிற்று.

புகுமுக வகுப்புப் பயத்துக்கும் மருந்து வெளியில்தான் இருக்கிறது. மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாத தமிழ்ப்பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்குமுன் ஓராண்டு அந்த வகுப்பில் இருக்கவேண்டும். பயிற்சிப் புத்தகத்தை நிரப்புவதால் மட்டும் வாய் திறந்துவிடாது. பாசார் மாலாமில் விலை கேட்பது, மிச்சக் காசை எண்ணி வாங்குவது, பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் கறிவேப்பிலை கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிவிட்டு வருவது, எல்லாம் அவள் பொறுப்பு. கைப்பேசி கூடத்தில் மட்டும், இரவு ஒன்பதுக்குப் பிறகு என் கையில். வயதுக்கு வருவதைப் பற்றிச் சடங்குக்குச் சேலை எடுக்கும்போதல்ல, இப்போதே பேசிவிட்டேன். இவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒன்று செய்யலாம். ஆறாம் ஆண்டின் கடைசி மாதம்வரை காத்திராமல், ஐந்தாம் ஆண்டிலேயே பெற்றோரைப் பக்கத்து இடைநிலைப்பள்ளிக்கு அழைத்துப் போங்கள். கட்டொழுங்கு ஆசிரியர் யார், தமிழ் வகுப்பு உண்டா, பகடிவதை நடந்தால் யாரிடம் சொல்வது என்று நேரில் கேட்கட்டும். கேட்டு அறிந்த பிறகும் பிள்ளையை நிறுத்தத் தோன்றினால், அது யோசித்து எடுத்த முடிவாக இருக்கும். இன்று புலனத்தில் நடப்பது வதந்தியைக் கேட்டு எடுக்கும் முடிவு. அதற்குப் பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுக்க முடியாது.