பூவோடு சேராத நார்

கொல்கத்தாவுக்கு வந்த புதிதில், வங்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளொன்றில் 'பாட்ஷில்ப' என்னும் சொல்லைக் கண்டேன். 'பாட்' என்றால் சணல் என்பது தெரியும். 'ஷில்ப' நம் சிற்பம்தானே! சணலில் சிற்பம் செய்கிறார்கள் போலும் என்று ஆவலுடன் படித்தால், ஆலை மூடலும் கூலி நிலுவையுமாக இருந்தது செய்தி. வங்கமொழியில் 'ஷில்ப' என்னும் ஒரே சொல் கலையையும் குறிக்கும், ஆலைத்தொழிலையும் குறிக்கும். தமிழில் அது கல்லுக்கும் உலோகத்துக்குமான சிற்பமாகச் சுருங்கிவிட்டது. நூலையும் கயிற்றையும் 'கைவினை' என்று பெயரிட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டோம்.

ஆனால் சணலில் சிற்பம் செய்த ஒருவர் உண்மையாகவே இருந்தார். மிருணாளினி முகர்ஜி (1949–2015). சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்கும் சிற்பி லீலாவுக்கும் மகள். பரோடாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கே.ஜி. சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறைசென்று, 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்து பினோத் பிஹாரியிடம் கற்றவர். கலைக்கும் கைவினைக்கும் இடையே சுவர் தேவையில்லை என்று வாழ்நாள் முழுவதும் எழுதியும் செய்தும் காட்டியவர். அந்தச் சுவரை மிருணாளினி கயிற்றைக் கொண்டே இடித்தார். கயிற்றைப் பிரித்து, சாயம் தோய்த்து, முன்வரைவு எதுவும் இல்லாமல் கையால் முடிச்சின்மேல் முடிச்சிட்டு, ஆளுயரத்தைத் தாண்டும் உருவங்களை எழுப்பினார். ஒன்றை முடிக்க மாதங்கள் பல ஆகும்.

(ஒரு சிறு திருத்தம். அருங்காட்சியகக் குறிப்புகள் அவருடைய நாரை 'ஹெம்ப்' என்றே சொல்கின்றன. அது வங்கத்தின் 'பாட்' அன்று. தமிழ்ப் பேச்சு வழக்கில் இரண்டுமே சணல்தான். ஆகவே என் பிழையான வாசிப்பு இருமடங்கு பிழை. ஆயினும் அதற்கு நன்றியுடையவனாகவே இருக்கிறேன்.)

இதை எழுதத் தூண்டியது அண்மையில் இங்கு நான் கேட்ட ஒரு கலந்துரையாடல். நாரிலும் கம்பளியிலும் செய்யப்படும் சிற்பங்களைப் பற்றிப் பேசியவர்கள், அவை யாவும் இயற்கையோடு நம்மை இணைத்து மனக்காயத்தை ஆற்றும் கலை என்றார்கள். மிருணாளினியின் பெயரும் அந்த வரிசையில் வந்தது. எனக்கு இது உடன்பாடில்லை.

கை வேலை மனத்தை ஆற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. ஊசியால் கம்பளியைக் குத்திக் குத்திக் குருவியும் காளானும் உருவாக்குவோர், அந்த மணிநேரங்களில் தம் துயரம் தணிந்ததாகச் சொல்லும்போது அதை நம்புகிறேன். ஆனால் அது செய்பவரின் அனுபவம். செய்யப்பட்ட பொருளின் பண்பு அன்று. தமிழில் 'ஆற்று' என்னும் சொல் செயலாற்றுவதையும் குறிக்கும், புண்ணை ஆற்றுவதையும் குறிக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது வேறு விவாதம். நம் விமர்சனமோ இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, செயலைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஆறுதலைப் பற்றிப் பேசுகிறது.

'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) ஆகிய படைப்புகளைப் புகைப்படத்திலாவது பாருங்கள். மடிப்புகள் ஒரே சமயத்தில் இதழ்களாகவும் பிறப்புறுப்பாகவும் தோன்றுகின்றன. தெய்வமா தாவரமா என்று தீர்மானிக்க முடியாத ஒன்று நம்மை எதிர்கொண்டு நிற்கிறது. அந்த இயற்கை ஓய்வு விடுதியின் தோட்டம் அன்று. ஊரெல்லைக் காட்டில் அந்திக்குப் பின் நாம் போகத் தயங்கும் இடம். அதன்முன் எனக்கு ஏற்படுவது ஆறுதல் அன்று, ஒருவகை அச்சம்.

பிறகு ஏன் அந்த முத்திரை? பொருள் நார், கை பெண்ணுடையது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ராம்கிங்கர் பைஜ் சிமெண்டும் சரளையும் கொண்டு சாந்திநிகேதனில் 'சந்தால் குடும்பம்' (1938) சிற்பத்தை எழுப்பியபோது, அது அவர் மனத்தை ஆற்றியதா என்று எவரும் கேட்கவில்லை. அறுத்த சணல் தண்டு நீரில் வாரக்கணக்கில் ஊறி அழுகினால்தான் நார் பிரியும். அந்த நாற்றத்துக்கு நடுவே இடுப்பளவு நீரில் நின்று நார் உரிப்பவரிடமும் யாரும் அதைக் கேட்பதில்லை.

பினோத் பிஹாரி, மகள் சிறுமியாக இருந்தபோதே, கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் பார்வையை இழந்தார். பிறகும் காகிதத்தை வெட்டியும் ஒட்டியும் படைத்தார். 1972இல் கலாபவனத்தில் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியம் அமைத்தார். அதே ஆண்டு சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்னும் ஆவணப்படம் எடுத்தார். தந்தையின் இருளை மகள் முடிச்சுகளால் ஆற்றிக்கொண்டார் என்று எழுத எளிது. கேட்க இனிமையாகவும் இருக்கும். அப்படி எழுத நமக்கு எந்தச் சான்றும் இல்லை. பார்வையற்ற பின்னும் அந்தத் தந்தை செய்தது வேலை. மகள் செய்ததும் அதுவே.

2015 ஜனவரியில் டெல்லியின் தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கிய சில நாள்களிலேயே மிருணாளினி மறைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019இல்தான் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

தமிழில் இக்கலையை எப்படி அழைப்பது? நண்பர் ஒருவர் 'இழைக்கலை' என்கிறார். எனக்கு 'நார்ச்சிற்பம்' பிடித்திருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம் பழமொழி. மிருணாளினி நாரையே பூவாக முடிந்து, 'ஆதி புஷ்ப்' என்று பெயரும் வைத்தார். உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.