கிடங்கில் எழும் 'டொக்' ஓசை

நோயாளி தன் வருத்தத்தை வாயால் உரைப்பான்; மோட்டார் வண்டியோ ஓசையால் உரைக்கும். அதனைக் கேட்டறியப் பொறுமை வேண்டும். பொறுமையின்றிச் செலவு செய்து அறிவு பெற்றவர்களுள் நாமும் ஒருவர்.

நம் வீட்டில் பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த இனம் அது. சென்ற மாதம் பிள்ளைகளுடன் கீரிமலைக்குப் போய்த் திரும்புகையில், கிடங்குதோறும் முன்புறத்தில் 'டொக்' என்று ஓர் ஓசை எழுந்தது. மறுநாள் ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் வண்டியை ஒரு முறையேனும் ஓட்டிப் பாராமலே, சொக் அப்சோபர்தான் பழுது என்று தீர்ப்புக் கூறி, முன்புறத்து இரண்டையும் மாற்றினார். பணம் போயிற்று, ஓசை போகவில்லை.

ஆய்வுகூடத்திலே மாணாக்கருக்கு நாம் கூறும் விதி ஒன்றுண்டு: ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே சோதித்துப் பார். அவ்விதியை நமக்கே சொல்லிக்கொண்டு ஆராயத் தொடங்கினோம்.

முதலில் பின்பெட்டியிலிருந்த ஜாக், மேலதிகச் சில்லு, ஆயுதங்கள் யாவற்றையும் இறக்கினோம். இவை உருண்டு எழுப்பும் ஓசையால் ஏமாந்தோர் பலர். பின்னர், மூத்த மகன் அருகே நடந்து செவிகொடுக்க, ஒழுங்கையிலிருந்த மேட்டில் இடச்சில்லை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கினோம்; அடுத்து வலச்சில்லை. ஓசை இடப்புறத்தது என்பது தெளிவாயிற்று. அந்த மூலையைக் கையால் அழுத்தி விட்டபோது, வண்டி ஒருதரம் எழுந்து அடங்கிவிட்டது. பலமுறை ஊசலாடியிருந்தால் அல்லவா சொக் அப்சோபரைக் குறை கூறலாம்?

அடுத்து, பின்சில்லுகளுக்கு அண்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுதல் உயிருக்கு ஆபத்து. சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது, அது ஆடிற்று. மகன் பிறேக்கை மிதித்தான், அப்போதும் ஆடிற்று. பிறேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தால், பழுது சில்லின் பெயரிங்கில் என்று கொள்ளலாம். நில்லாமையால், குறை சில்லைத் தாங்கும் மூட்டிலேயே என்பது புலனாயிற்று.

மொறிஸ் மைனரில் முன்சில்லு திரும்புவதற்கான தண்டின் இரு முனைகளிலும் புரிகள் உண்டு. அவை ட்ரனியன் எனப்படும் இரு மூட்டுக்களில் பொருந்தி நிற்கும். கிறீஸ் ஊட்டாது விட்டால் புரிகள் தேயும். கீழ் மூட்டில் அவை முற்றும் தேய்ந்தால் தண்டு கழன்று, சில்லு வண்டியின் கீழே மடிந்துவிடும். நம் வண்டியில் தேய்ந்திருந்தது அந்தக் கீழ் மூட்டே. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த வழியை நினைத்தபோது நெஞ்சு பதறியது. கிறீஸ் ஊட்டுவதை மாதக்கணக்கில் மறந்தவர் நாமேயன்றி, அந்தக் கராஜ்காரர் அல்லர்.

புதிய வண்டிகளில் இம்மூட்டுக்குப் பதிலாகப் போல் ஜொயின்ற் உண்டு. அது கழன்றாலும் விளைவு இதுவே. ஆனால் அவற்றில் எழும் 'டொக்' ஓசை எல்லாம் ஆபத்தானதன்று. ஸ்ரபிலைசர் தண்டின் இணைப்பு, றப்பர் புஷ் முதலிய சிறு உறுப்புக்கள் தேய்வதாலும் அவ்வோசை எழும். அவற்றை மாற்றப் பெருஞ்செலவு இல்லை.

ஆகையால் வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுதான். ஓசையோடு ஸ்ரியறிங்கிலும் தளர்ச்சி தோன்றினால், வண்டியை உடனே நிறுத்துங்கள். பழுதுபார்ப்பவரிடம், "எந்த உறுப்பு ஆடுகிறது? காட்டும்" என்று கேளுங்கள். அவர் காட்டிய பின்னர் பணப்பையைத் திறந்தாற் போதும்.