கைக்கடிகாரமா, கைவிலங்கா?

சண்டிகாரிலும், அதையடுத்துள்ள ஹரியானாவின் பஞ்ச்குலாவிலும், மகாராஷ்டிரத்தின் நாகபுரியிலும் தெருக்கூட்டும் தொழிலாளர்களின் மணிக்கட்டில் முனிசிபல் நிர்வாகங்கள் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டன. மணி பார்ப்பதற்கல்ல. தொழிலாளி எங்கே நிற்கிறார், எப்போது நகர்ந்தார், தன் வட்டாரத்தை விட்டு விலகினாரா என்று அதிகாரி தன் அறையில் இருந்தபடியே பார்ப்பதற்கு! "மனிதத் திறன் கண்காணிப்பு ஏற்பாடு" என்று அதற்கு நாமகரணமும் செய்தார்கள். கையுறைக்கும் பூட்ஸுக்கும் மனுக் கொடுத்து நடையாய் நடக்கிற தொழிலாளிக்குக் கேட்காமலே கிடைத்த பொருள் இது ஒன்றுதான்.

சண்டிகார் தொழிலாளர்கள் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். கடிகாரத்தில் காமிராவும் மைக்கும் இருக்கும்போது இதைக் கட்டிக்கொண்டு கழிப்பிடத்துக்கு எப்படிப் போவது என்று பெண் தொழிலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

உடனே சில கனவான்கள், "கம்யூனிஸ்டுகள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள்" என்று கூச்சல் கிளப்புவார்கள். நாம் விரோதிகளல்ல. உடம்பில் அணியும் கம்ப்யூட்டரும், தானே இயங்கும் வீட்டுச் சாமானும் மனித மூளையின் அற்புதமான சாதனைகள். இவற்றின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் விளங்கும்.

1961-ல் அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ப், கிளாட் ஷானன் என்ற இரு கணித மேதைகள் உடம்பில் மறைத்து அணியும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைச் செய்தார்கள். எதற்கு? லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் சுழலும் பந்து எங்கே விழும் என்று கணிக்க! (முதலாளித்துவ நாட்டில் மேதைமைக்கு எங்கெல்லாம் வேலை கிடைக்கிறது, பாருங்கள்.) 1990-களில் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் செய்த ‘வியூமேன்' என்ற கருவியை அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வாகனங்களைச் சோதித்தார்கள். காகிதமும் அட்டையும் வேண்டாம், வேலை சுலபம். அதோடு, இருவர் செய்த சோதனைக்கு ஒருவர் போதும் என்றும் கணக்குப் பார்த்தார்கள். மிச்சமான ஆளின் கதி என்ன என்று ஆராய்ச்சிக்கூடம் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது தொழிற்சங்கம்.

1991-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த மார்க் வைசர், கம்ப்யூட்டர் வருங்காலத்தில் சுவரிலும் சாமானிலும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் மனிதனுக்குத் தொண்டு செய்யும் என்று எழுதினார். நல்ல கனவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது யாருக்குத் தொண்டு செய்கிறது? விஜியோ என்ற டெலிவிஷன் கம்பெனி, ஜனங்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சேகரித்து விற்றதாக 2017-ல் அமெரிக்க சர்க்காரே வழக்குப் போட்டது. சுமார் 1 கோடியே 10 லட்சம் டெலிவிஷன்கள். கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. அமேசான் ஏகபோகமோ 2018 ஜனவரியில் ஒரு கைப்பட்டைக்குப் பேடண்ட் உரிமை பெற்றது. கிடங்குத் தொழிலாளியின் கை எந்தப் பெட்டிக்கு அருகே போகிறதென்று காதுக்குக் கேட்காத ஒலியால் கண்டறிந்து, மணிக்கட்டில் அதிர்வு கொடுத்து வழிகாட்டும் பட்டை அது. கையின் அசைவு கூட முதலாளியின் கணக்கில்!

சீனத்திலும் 2019-ல் நான்ஜிங் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஒரு பட்டை கட்டினார்கள். 20 நிமிஷம் ஓரிடத்தில் நின்றால் அது "உற்சாகமாக வேலை செய்" என்று குரல் கொடுத்தது. ஜனங்களின் கண்டனம் எழுந்ததும் அந்தக் குரலை நிறுத்தினார்கள். நண்பர் நாடு என்பதற்காக இதை நாம் மறைக்கப் போவதில்லை. தவறு எங்கே நடந்தாலும் தவறுதான்.

நாம் கேட்கிறோம்: இதே விஞ்ஞானத்தால் பாதாளச் சாக்கடையின் விஷவாயுவைக் கண்டு எச்சரிக்கும் கருவியைச் செய்ய முடியாதா? முடியும், அப்படிப்பட்ட கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு ஏறினால் அலறும் பெட்டி கைக்குள் அடங்கும். மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மனிதனைக் குழிக்குள் இறக்குகிறார்கள், பிணமாய்த் தூக்குகிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியதாயிற்று. தொழிலாளி நிற்பதைக் கண்டுபிடிக்க ஓடி வந்த விஞ்ஞானம், அவர் மூச்சு நிற்பதைத் தடுக்க ஏன் ஓடி வரவில்லை? நிற்கும் நிமிஷத்துக்குக் கூலியைப் பிடிக்கலாம். நிற்கும் மூச்சால் யாருக்கும் லாபமில்லை.

சட்டம் காப்பாற்றும் என்று யாரும் மயங்க வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவரைப் பற்றிய தகவலை முதலாளி பயன்படுத்த இடமளிக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாயிற்று!

அந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். தொழிற்சங்கத்தின் சம்மதமின்றி எந்தத் தொழிலாளியின் உடம்பிலும் எந்தக் கருவியையும் கட்டக் கூடாது. கருவி காட்டும் கணக்கை வைத்துச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அந்தக் கணக்கு முழுவதையும் சங்கமும் பார்க்க உரிமை வேண்டும். சாக்கடைப் பணிக்கு இயந்திரம், தவிர்க்க முடியாத இடத்தில் வாயு அறியும் கருவி – இவை முதலில் வரட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில், பஞ்சப்படிக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதும்படி முனிசிபல் தொழிலாளர் சங்கத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.